மூலிகைப் பூச்சும் கடல் கடந்த பெயர்ச்சீட்டும்

கல்வெட்டும் செப்பேடும் ஆராய்ச்சிக்குரிய சான்றுகள் என்பதை யாவரும் ஒப்புவர். வணிகப் பொருளின்மீது ஒட்டப்பெறும் பெயர்ச்சீட்டும் அத்தகைய சான்றே என்பது எம் கருத்து. மஞ்சள், வேம்பு முதலியன சேர்ந்த தோற்பூச்சுகள் மேலைநாட்டு அங்காடிக்குச் செல்லுங்கால் அவற்றின் சீட்டிலுள்ள சொற்கள் மாறுகின்றன. சொல் மாறவே பொருளின் தகுதியும் மாறுகின்றது. அவ்வாற்றை ஈண்டு ஆராய்வாம்.

மருந்தும் ஒப்பனையும்

இந்தியாவில் 1940-ஆம் ஆண்டு மருந்துகள் மற்றும் ஒப்பனைப் பொருள்கள் சட்டம், 1964-இல் செய்யப்பெற்ற திருத்தத்தால் ஆயுர்வேத, சித்த, யுனானி மருந்துகளையும் தன் ஆட்சிக்குட் கொண்டது. அதன் முதல் அட்டவணையில் போகர் 700, புலிப்பாணி 500 முதலிய தமிழ் நூல்கள் மருந்துக்கு ஆதாரமாக இடம்பெற்றுள்ளன. சித்த மருந்தெனின் அப்பெயரைச் சீட்டிற் பொறித்தல் வேண்டும்.

அமெரிக்க நாட்டு நிலை வேறு. அங்கு 1938-ஆம் ஆண்டுச் சட்டத்தின்படி, நோய் தீர்க்கும் என்று கூறி விற்கப்பெறுவது மருந்து. தூய்மையும் அழகும் தரும் என்று கூறி விற்கப்பெறுவது ஒப்பனைப் பொருள். ஆகவே 'பருவைப் போக்கும்' என ஈங்கு எழுதப்பெறும் பூச்சு, மருந்துக்குரிய விதிகளுக்கு உட்படாது ஆங்கு விற்கப்படவேண்டின், 'முகத்தைத் தூய்மையாக்கும்' என்னும் அளவில் அடங்க வேண்டும். குப்பியினுள் இருப்பது அதுவே. ஒரு வினைச்சொல் மாறியதால் மருந்து ஒப்பனையாயிற்று.

பெயர் மாற்றம்

ஐரோப்பிய ஒன்றியத்தின் 1223/2009 எண்ணுள்ள ஒழுங்குமுறை 2013 சூலை 11 முதல் முழுமையாக நடைமுறைக்கு வந்தது. அதன்வழி, சேர்பொருட் பட்டியலில் மூலிகைகள் இலத்தீன் பெயர் பெறுகின்றன. மஞ்சள் 'குர்க்குமா லோங்கா' ஆகின்றது. வேம்பு 'அசாடிராக்டா இண்டிகா' ஆகின்றது. இவ்விலத்தீன் பெயர்களின் வேர் கிழக்கிலேயே உள்ளமை நோக்கத்தக்கது. முன்னதில் 'குர்க்கும்' என்னும் அரபுச் சொல்லும், பின்னதில் கட்டற்ற மரம் எனப் பொருள்படும் 'ஆசாத் திரக்த்' என்னும் பாரசீகத் தொடரும் உறைகின்றன. தமிழ்ப் பெயருக்கோ அவ்விடத்து இடமில்லை.

எழுத்துச் சான்றின் வன்மை

இது பெயரளவில் நிற்கும் இழப்பன்று. புண்ணாற்ற மஞ்சளைப் பயன்படுத்தும் முறைக்கு 1995-இல் அமெரிக்காவில் காப்புரிமை வழங்கப்பெற்றது. இந்திய அறிவியல் தொழிலக ஆராய்ச்சி மன்றம் அதனை எதிர்த்தது. நம் இல்லந்தோறும் வழங்கும் வழக்கம் என்று கூறுதல் ஆங்குப் போதவில்லை. வடமொழி முதலியவற்றிலுள்ள எழுத்துச் சான்றுகளைக் காட்ட வேண்டியதாயிற்று. 1997-இல் அவ்வுரிமை மறுக்கப்பெற்றது. பின்னர் 2001-இல் தொடங்கப்பெற்ற மரபறிவு மின்னூலகம், மருத்துவ நூற்செய்திகளை ஆங்கிலம், செருமன், பிரெஞ்சு, சப்பானியம், இசுப்பானியம் ஆகிய ஐந்து மொழிகளில் தருகின்றது.

முடிவுரை

மருத்துவப் பாடல்களில் மஞ்சளே அரிசனம், காஞ்சனி, பீதம், நிசி எனப் பல பெயர் பெறும். எப்பெயர் எச்செடியைக் குறிக்கும் என்று துணியாதவழி அப்பாடல் சான்றாதல் அரிது. அத்துணிபு மருத்துவரும் செடிநூலாரும் தமிழ்ப் புலவரும் கூடிச் செய்யவேண்டுவது. பெயர்ச்சீட்டில் தமிழ்ச் சொல் இடம்பெறாது போயினும், அதன் பின்னுள்ள அறிவு தமிழரதும் ஆகும் என நிறுவுதற்கு அதுவே வழியாம்.