கடலில் விட்ட பிள்ளை

சென்ற கோடை விடுமுறையில் என் தங்கையின் மகள் எங்கள் வீட்டில் ஒரு மாதம் தங்கியிருந்தாள். பதினாறு வயது. வந்த நாள் முதல் சித்திரம் எழுதுவதைத் தவிர அவளுக்கு வேறு வேலையே இல்லை. நான் கதை எழுதுவதற்கென்று அடுக்கி வைத்திருந்த தாள்களில் பாதி அவள் கைக்குப் போய்விட்டது.

ஒரு நாள் பின்னாலிருந்து எட்டிப் பார்த்தேன். தலைமயிர் முள்ளம்பன்றி போலச் சிலிர்த்து நிற்க, உலகத்தின் மீதே கோபம் கொண்டவன் போல ஒரு பையன் முறைத்துக்கொண்டிருந்தான். ஜப்பானியச் சித்திரக் கதையில் வருகிற பாக்குகோ என்ற முரடன் அவன். அவன் காதுக்குப் பின்னால் ஒரு சிறு யந்திரம் இருந்தது. என் மருமகள் சிறு வயதிலிருந்து மாட்டிக்கொள்கிறாளே, அதே காது மெஷின்!

"கதையில் அவனுக்குக் காது கேட்காதா?" என்று கேட்டேன்.

"கதையில நல்லாத்தான் கேட்கும், மாமா."

"பின்னே இது எதற்கு?"

"உள்ளங்கையில வெடி வெடிச்சுக்கிட்டே திரியறான். காது மட்டும் எப்படி மாமா நல்லா இருக்கும்?"

பதில் சொல்லத் தோன்றாமல் நின்றேன். கதை எழுதிப் பிழைக்கிறவன் நான். இந்தக் கேள்வி எனக்கல்லவா முதலில் தோன்றியிருக்க வேண்டும்? பிற்பாடு விசாரித்ததில், இப்படி எழுதுகிறவள் இவள் ஒருத்தி அல்ல என்று தெரிந்தது. பல தேசங்களில் அந்தக் கதையின் ரசிகர்கள் பாக்குகோவுக்குக் காது மெஷின் மாட்டி, சைகை மொழி பேச வைத்து, ஆயிரக்கணக்கில் சித்திரங்கள் எழுதியிருக்கிறார்கள்.

எனக்கு ஒரு கெட்ட வழக்கம் உண்டு. ஒரு கதை பிடித்துவிட்டால் அதன் பாட்டன், பூட்டனைத் தேடிக்கொண்டு புறப்பட்டுவிடுவேன். இந்தக் கதையின் பூட்டன் மிகவும் பழையவன். கி.பி. 712-ல் தொகுக்கப்பட்ட 'கோஜிகி' என்ற ஜப்பானியப் புராணத்தில் அவன் இருக்கிறான்.

உலகைப் படைத்த இஸானகி, இஸானமி என்ற தம்பதிக்கு முதலில் பிறந்த குழந்தை ஹிருக்கோ. அட்டைப் பூச்சியைப் போல வளைந்து குழைகிற பிள்ளை. தெய்வத் தம்பதி என்ன செய்தார்கள்? நாணற் படகு ஒன்றில் குழந்தையைக் கிடத்திக் கடலில் விட்டுவிட்டார்கள். எட்டு வருஷம் கழித்துத் தொகுத்த 'நிஹோன் ஷோக்கி' என்ற சரித்திர நூல், மூன்று வயதாகியும் அந்தப் பிள்ளை எழுந்து நிற்கவில்லை என்கிறது. பிறகு இரு நூல்களும் தீவுகள் பிறந்த விவரத்துக்கும் தேவர்கள் பிறந்த விவரத்துக்கும் போய்விடுகின்றன. படகு என்ன ஆயிற்று என்று ஒரு வார்த்தை கிடையாது. பெற்றவர்களுக்கே இல்லாத கவலை, எழுதியவர்களுக்கு எதற்கு?

கடற்கரை ஜனங்களுக்கு அந்தக் கவலை இருந்தது. படகு கரை சேர்ந்தது என்றார்கள். அந்தப் பிள்ளைதான் வளர்ந்து எபிசு ஆனான் என்றார்கள். ஒரு கையில் தூண்டிலும் மறு கையில் மீனுமாகச் சிரித்துக்கொண்டிருக்கும் எபிசு, செம்படவர்களுக்கும் வியாபாரிகளுக்கும் கண்கண்ட தெய்வம். நிஷினோமியாவில் உள்ள பெரிய கோவிலில் ஹிருக்கோவே எபிசுவாக வழிபடப்படுகிறான். அவனுக்குக் காது மந்தம் என்பதும் ஜனங்கள் நம்பிக்கை. ஒஸாக்காவில் இமாமியா எபிசு கோவிலில் ஜனவரி 10-ம் தேதித் திருவிழாவின்போது, முன்பக்கம் கும்பிட்டது போதாதென்று சந்நிதிக்குப் பின்புறம் போய்த் தட்டி, 'நான் வந்திருக்கிறேன்' என்று தெரிவித்துவிட்டு வருகிறார்கள். செவிட்டுச் சாமிக்குக் காதைக் குணப்படுத்த வேண்டும் என்று யாருக்கும் தோன்றவில்லை. பலமாகத் தட்டினால் போயிற்று!

1967-ல் ஒஸாமு தெஸூக்கா என்ற சித்திரக் கதை மேதை இதே பிள்ளையை மறுபடியும் நீரில் விட்டார். அவர் வைத்தியம் படித்தவர். 'டொரொரோ' என்ற அவருடைய கதையில், அதிகார ஆசை பிடித்த தகப்பன் ஒருவன் தன் குழந்தையின் 48 அங்கங்களை 48 பிசாசுகளுக்குக் கொடுத்துவிடுகிறான். ஆற்றில் மிதந்து வந்த பிண்டத்தை ஒரு வைத்தியர் எடுத்துச் செயற்கை அங்கங்கள் செய்து வளர்க்கிறார். பிள்ளை ஒவ்வொரு பிசாசாகக் கொல்ல, ஒவ்வோர் அங்கமாகத் திரும்பி வருகிறது. பிரமாதமான கதைதான். ஆனால் அங்கம் திரும்பி வருவதுதான் அதில் வெற்றி.

இனி நம் முரடன் வருகிற கதை. கோஹெய் ஹோரிக்கோஷி எழுதிய 'மை ஹீரோ அகாடமியா' 2014 ஜூலை முதல் 2024 ஆகஸ்டு வரை 'ஷோனென் ஜம்ப்' வாரப் பத்திரிகையில் வெளிவந்தது. 2016 முதல் அசையும் படமாகவும் வந்தது. அந்த உலகத்தில் நூற்றுக்கு எண்பது பேருக்கு ஏதாவதொரு அபூர்வ சக்தி உண்டு. கதாநாயகன் மிடோரியாவுக்கு அது கிடையாது. நான்கு வயதில் வைத்தியர் எக்ஸ்ரே படத்தைப் பார்த்துவிட்டு, கால் சுண்டுவிரலில் இரண்டு மூட்டு இருக்கிறது, ஆகையால் சக்தி வராது என்று சொல்லிவிடுகிறார். 'நானும் வீரன் ஆக முடியுமா?' என்று கண்ணீரோடு கேட்கும் மகனைத் தாய் கட்டிக்கொண்டு மன்னிப்புக் கேட்கிறாள். அவன் அவளிடம் எதிர்பார்த்த வார்த்தை அதுவல்ல. ஊனமுற்ற பிள்ளைகளைப் பெற்ற எத்தனையோ வீடுகளில் நடந்த காட்சி இது. என் தங்கை வீட்டிலும் நடந்தது. நான் பக்கத்தில் இருந்தேன்.

ஜப்பானிய மூலத்தில் இந்தச் சக்திக்குப் பெயர் 'கோசெய்'. தனித்தன்மை என்று பொருள். 1990களில், ஊனமும் ஒரு கோசெய்தான் என்ற பேச்சு அந்நாட்டில் எழுந்தது. 1995-ம் வருஷத்து அரசாங்க வெள்ளை அறிக்கையிலும் அது இடம்பெற்றது. ஹோரிக்கோஷியின் பையனோ கோசெய் இல்லாதவன், அதாவது தனித்தன்மையே அற்றவன்! அவனுக்குப் பாக்குகோ வைக்கும் பட்டப்பெயர் 'டெக்கு'. மரப்பொம்மை, ஒன்றுக்கும் உதவாதவன். பள்ளிக்கூடத் தோழி ஒருத்தி அதே சொல்லை 'முடியும்' என்ற பொருள் தொனிக்கக் கேட்டு அவனை உற்சாகப்படுத்துகிறாள். அவனும் அதையே தன் வீரப் பெயராக வைத்துக்கொள்கிறான்.

இன்னொரு மரப் பெயரும் கதையில் வந்தது, அது விபரீதமாய் முடிந்தது. 2020 பிப்ரவரியில் வில்லன் கூட்டத்து வைத்தியருக்கு 'மருத்தா' என்ற சொல் வரும்படி பெயர் வைத்தார்கள். மருத்தா என்றால் மரக்கட்டை. யுத்த காலத்தில் ஹார்பினில் இருந்த ஜப்பானிய ராணுவத்தின் 731-வது பிரிவு, உயிரோடு பரிசோதனைக்கு உட்படுத்திய மனிதர்களைக் குறிக்க வழங்கிய சொல் அது. சீனாவிலும் கொரியாவிலும் வாசகர்கள் கொதித்தெழுந்தார்கள். ஆசிரியரும் பதிப்பகத்தாரும் மன்னிப்புக் கேட்டுப் பெயரை மாற்றினார்கள்.

சொல் மாறினாலும் சரித்திரம் மாறுவதில்லையே! யுத்தம் முடிந்தபின் 1948-ல் ஜப்பான் ஒரு சட்டம் போட்டது. ஊனமுற்றவர்களுக்குப் பிள்ளை பிறக்காதபடி சத்திரசிகிச்சை செய்ய அது இடம் கொடுத்தது. 1996 வரை, ஆம், 48 வருஷம், அது அமலில் இருந்தது. சுமார் 25,000 பேருக்கு அறுவை நடந்தது. அவர்களில் சுமார் 16,500 பேருடைய சம்மதம் பெறப்படவே இல்லை. அச்சட்டம் அரசியல் சாசனத்துக்கு விரோதமானது என்று உச்ச நீதிமன்றம் தீர்ப்பளித்தது 2024 ஜூலை 3-ம் தேதி. மிடோரியாவின் கதை முடிய அப்போது ஒரு மாதம் இருந்தது. பலமான சக்தியுள்ள பிள்ளை வேண்டும் என்பதற்காகவே பணத்தையும் புகழையும் காட்டி ஒரு பெண்ணை மணக்கும் தகப்பன் இந்தக் கதையில் வருகிறான். அவன் எங்கிருந்து வந்தான் என்று நான் வெகு தூரம் தேடவில்லை.

ஆனாலும் ஹோரிக்கோஷி கதாநாயகனுக்குச் சக்தியைக் கொடுத்துவிடுகிறார். ஒரு மகாவீரனின் தலைமயிரை விழுங்குவதால் அது வருகிறது! இங்கேதான் ஊனமுள்ள ரசிகர்களில் ஒரு சாரார் சண்டைக்கு வந்தார்கள். 'எங்களைப் போன்றவன் என்று காட்டிவிட்டு முதல் சில அத்தியாயங்களிலேயே குணப்படுத்திவிட்டீர்களே!' என்பது அவர்கள் கட்சி. மற்றொரு சாரார், வந்த சக்தி உடம்பை உடைப்பதைக் காட்டினார்கள். அதுவும் நியாயம்தான். எலும்புகள் நொறுங்குகின்றன, வலது கை கோணி வடுப்படுகிறது, இன்னும் இரண்டு மூன்று தடவை இப்படி அடிபட்டால் கையே விளங்காது என்று வைத்தியர் எச்சரிக்கிறார். பையன் கையை விட்டுக் காலால் சண்டை போடக் கற்றுக்கொள்கிறான். அவனுடைய வாத்தியார் ஒரு காலையும் ஒரு கண்ணையும் இழந்து, செயற்கைக் காலோடு வகுப்புக்குத் திரும்புகிறார்.

ரசிகர்கள் தர்க்கத்தோடு நிற்கவில்லை, பென்சிலை எடுத்தார்கள். ஜப்பானில் இதற்கு ஒரு மரபே உண்டு. 1975 டிசம்பர் 21-ல் டோக்கியோவில் கூடிய முதல் 'காமிக் மார்க்கெட்'டில் 32 குழுக்கள் தாங்களே அச்சிட்ட புத்தகங்களை வைத்தன. வந்தவர்கள் சுமார் 700 பேர். பிற்காலத்தில் அது லட்சக்கணக்கானவர்கள் கூடும் திருவிழாவாயிற்று. அந்த வழியில் வந்தவைதான் இந்தச் சித்திரங்களும். மூட்டுப் பட்டை கட்டிய மிடோரியா, குளிர்காலத்தில் விரல் மடங்காமல் பேனாவைத் தவறவிடும் மிடோரியா, கைத்தடி ஊன்றிய மகாவீரன், கடைசி வரை சக்தியே வராத மிடோரியா என்று அவை விதவிதமாக வந்தன. சில அசட்டுத்தனமானவை, அழுகையை வரவழைக்கவே எழுதியவை. சிலவற்றில் காது மெஷினின் ட்யூப் எந்தப் பக்கம் வளையும் என்பதுகூடப் பிசகாமல் இருக்கிறது. எழுதியவர் அதை மாட்டிக்கொண்டு வாழ்பவராகத்தான் இருக்க வேண்டும் என்று தோன்றுகிறது.

இதையெல்லாம் பார்த்தபோது எனக்கு ஒரு தபால் அட்டை நினைவு வந்தது. பல வருஷங்களுக்கு முன் நான் எழுதிய தொடர்கதை ஒன்றில் கதாநாயகிக்குக் கால் ஊனம். முப்பதாவது வாரம், முடிவு சுபமாக இருக்கட்டும் என்று, அறுவை சிகிச்சை செய்து அவளை நடக்க வைத்துவிட்டேன். பாராட்டுக் கடிதங்கள் நிறைய வந்தன. ஒரு வாசகி மட்டும் இப்படி எழுதியிருந்தாள்: "முப்பது வாரம் அவளும் நானும் சேர்ந்தே தாங்கித் தாங்கி நடந்தோம். கடைசியில் அவள் மட்டும் ஓடிப்போய்விட்டாள், ஐயா." அட்டையில் விலாசம் இல்லை. இருந்திருந்தாலும் என்ன பதில் எழுதியிருப்பேன்?

மிடோரியாவின் கதையில் சக்தி கடைசியில் அணைந்துபோகிறது. எட்டு வருஷத்துக்குப் பின் அவன் அதே பள்ளியில் ஆசிரியன். தோழர்கள் பணம் சேர்த்துச் செய்த யந்திரக் கவசம் ஒன்று வந்து சேர, மறுபடியும் வீரர்களோடு புறப்படுகிறான். 'இதுவும் குணப்படுத்துவதுதானே?' என்று சிலர் கேட்டார்கள். 'மூக்குக்கண்ணாடி போட்டுக்கொள்வது குணமா?' என்று சிலர் திருப்பிக் கேட்டார்கள். நான் இரண்டாவது கட்சி. என் மருமகளுக்கு இதில் அபிப்பிராயமே இல்லை. "கவசத்தைக் கழட்டின பிறகு வீட்டுல எப்படி இருப்பான், அதை யாரு வரையறது?" என்றாள்.

ஊருக்குப் புறப்படுவதற்கு முந்திய இரவு அதையும் எழுதி முடித்தாள். கவசம் நாற்காலியில் கிடக்கிறது. மிடோரியா கோணிய விரல்களை வெந்நீரில் அமிழ்த்திக்கொண்டு உட்கார்ந்திருக்கிறான். வாசலில் பாக்குகோ நிற்கிறான். காது மெஷினைக் கழற்றிச் சட்டைப் பையில் போட்டுக்கொண்டு, அது வெளியே தெரியும்படி, கதவை ஓங்கித் தட்டிக்கொண்டிருக்கிறான்.