ஈர்ப்பிரையும் உற்பத்தி உறவுகளும்: பிறிற்றனிச் சாளை மீன்பிடி பற்றிய ஒரு வரலாற்று நோக்கு

1

மீன்பிடித் தொழிலின் வரலாற்றை எழுதப் புகுந்தோர் படகு, வலை, தூண்டில் ஆகியவற்றைப் பற்றி விரிவாகவே எழுதியுள்ளனர். இக்கருவிகளின் மாற்றங்களைக் கொண்டு தொழிலின் வளர்ச்சியைக் காலகட்டங்களாக வகுத்துக் காட்டும் மரபும் உண்டு. ஆனால், மீனை வலையருகே வரவழைப்பதற்காகக் கடலிலே தூவப்படும் இரைகளும் மணப்பொருள்களும் அத்தகைய கவனத்தைப் பெற்றதில்லை. அவை தொழில் நுணுக்கமாகவோ மீனவனின் கைவந்த இரகசியமாகவோ மட்டும் குறிப்பிடப்பட்டு விடப்படுகின்றன. இந்நோக்குப் போதாது என்பது எமது கருத்து. மீனை ஈர்க்கும் பொருள் விலைகொடுத்து வாங்கவேண்டிய சரக்காக மாறுமிடத்து, பிடிபட்ட மீனின் பயன் யாரைச் சேர்கின்றது என்பதையும் அதுவே பெருமளவு தீர்மானிக்கின்றது. பிரான்சின் மேற்குக் கோடியிலுள்ள பிறிற்றனிக் கரையோரத்தின் சாளை மீன்பிடி இதற்குத் தக்க சான்றாகும்.

மணத்தால் மீனைக் கவரும் வழக்கம் தொன்மையானது. கி.பி. 2ஆம் நூற்றாண்டில் கிரேக்க மொழியில் மீன்பிடி பற்றி நெடும்பாடல் இயற்றிய ஒப்பியன் இரையால் மீன் கவரப்படும் முறைகளை விவரித்துள்ளார். 10ஆம் நூற்றாண்டில் பைசாந்தியத்தில் தொகுக்கப்பட்ட 'ஜியோபொனிக்கா' என்ற வேளாண்மை நூலின் இறுதிப் பகுதியில் மீனுக்குரிய இரைக் கலவைகள் இடம்பெற்றுள்ளன. 1653இல் வெளிவந்த ஐசாக் வால்ற்றனின் தூண்டில் நூலும் மணமுள்ள எண்ணெய்களைப் பற்றிப் பேசுகின்றது. வால்ற்றன் காட்டும் தூண்டிற்காரன் ஓய்வுநேரத்தை ஆற்றங்கரையிற் கழிப்பவன். மீன் அகப்படாவிடினும் அவன் வீட்டு அடுப்பு எரியும். அவன் கையில் இரை ஒரு விளையாட்டுப் பொருள். அதே செயல் ஒருவனது பிழைப்பாக மாறும்போது நிகழ்வதையே நாம் இங்கு நோக்குகின்றோம்.

2

சாளை தூண்டிலைக் கடிக்கும் மீனன்று. கடல்நீரிலுள்ள நுண்ணுயிர்களை வடித்துண்டு, பெருங்கூட்டமாகத் திரிவது. கூட்டம் ஆழத்தில் நிற்கும்போது மேலே விரித்த வலையால் பயனில்லை; அதனை மேலே வரச்செய்ய வேண்டும். இதற்குப் பிறிற்றனி மீனவர் பயன்படுத்திய பொருள் 'ரோக்' எனப்படும், உப்பிட்ட கொட் மீனின் சினையாகும். நீரில் உதிரும் சினைமுட்டைகள் சாளைக்குப் பழக்கமான உணவை ஒத்தவை. அவற்றிலிருந்து கரைந்து பரவும் பொருள்களோ மீனைத் தொலைவிலிருந்தே இழுப்பவை. மீனின் மூக்குத் துளைகள் மூச்சு விடுவதற்கல்ல, முகர்வதற்கே உரியன என்பதும், நீரிற் கரைந்த அமினோ அமிலங்களை மிகச் சிறிய அளவிலும் மீன்கள் உணர்கின்றன என்பதும் இன்று உயிரியலாளர் நிறுவியுள்ள உண்மைகள். இவ்விளக்கம் பிறப்பதற்கு நெடுங்காலம் முன்னரே மீனவரின் நடைமுறை அறிவு அதன் பயனைக் கண்டிருந்தது.

மீன்பிடி முறை பின்வருமாறு அமைந்தது. பாய்மரப் படகு மீனுள்ள இடத்தை அடைந்ததும் பாய் இறக்கப்படும். மெல்லிய நூலால் பின்னி நீலச் சாயமிட்ட வலை, நீருக்குள் சுவர்போல நேராகத் தொங்கவிடப்படும். துடுப்பு வலிப்போர் படகைக் காற்றுக்கு எதிர்முகமாக அசையாது நிறுத்துவர். படகுத் தலைவன் பின்னணியத்தில் நின்று கையால் ரோக்கைத் தூவுவான். சாளை மேலெழும்பி நீர் மின்னத் தொடங்கியதும் வலையின் மறுபுறத்தே வீசுவான். இரையை நோக்கிப் பாயும் மீன் வலைக்கண்களிற் செவுள் சிக்கி நிற்கும். எப்போது தூவுவது, எவ்வளவு தூவுவது, எப்பக்கம் தூவுவது என்பன நூலிற் கற்கும் அறிவல்ல. சிக்கனமாகத் தூவினால் மீன் எழாது. தாராளமாகத் தூவினால் பிடித்த மீனின் விலை இரைச் செலவுக்கே போதாது. துகாமெல் து மோன்சோ 18ஆம் நூற்றாண்டின் பிற்பகுதியில் வெளியிட்ட மீன்பிடி பற்றிய பெருநூலில் இம்முறையைப் பதிவு செய்துள்ளார்.

இவ்விடத்தில் ஒரு கோட்பாட்டுக் குறிப்பு அவசியமாகின்றது. 'மூலதனம்' முதற் பாகத்தில் (1867) உழைப்புச் செயல்முறையை ஆராயும் மார்க்ஸ், இன்னும் பிடிபடாத மீனும் மீன்பிடித் தொழிலில் ஓர் உற்பத்திச் சாதனமே என ஓர் அடிக்குறிப்பில் சுட்டுகின்றார். அதே அத்தியாயத்தில், உழைப்புக் கருவிகளால் நுகரப்படும் துணைப்பொருள்களையும் அவர் வேறுபடுத்திக் காட்டுகின்றார். இயந்திரம் எரிக்கும் நிலக்கரி இதற்கு எடுத்துக்காட்டு. ரோக் இவ்வகைத் துணைப்பொருளே. ஆயின் ஒரு வேறுபாடு உண்டு. நிலக்கரியை எரித்த ஆலையில் ஏதோவொரு பண்டம் உருவாகியே தீரும். ரோக்கைத் தூவிய கடலில் ஒன்றும் கிடையாது போகலாம். படகும் வலையும் மீனின்றித் திரும்பினாலும் மறுநாள் மீண்டும் பயன்படும். ரோக் திரும்பி வருவதில்லை. தொழிலின் நிச்சயமின்மை முழுவதும் திரண்டு நிற்குமிடம் அதுதான்.

3

இத்தகைய பொருள் மீனவனின் கையில் விளையவில்லை என்பது அடுத்து நோக்கத்தக்கது. பிறிற்றனியின் கடலில் சாளை உண்டு, ரோக் இல்லை. நோர்வேயின் வடபகுதியில் லொபோத்தன் தீவுகளை அண்டிக் குளிர்காலத்திலும் இளவேனிலிலும் முட்டையிட வரும் கொட் மீனிலிருந்து எடுத்து உப்பிட்டு, பேர்கன் துறைமுகத்திலிருந்து கப்பலேற்றப்பட்ட பீப்பாக்களையே பிறிற்றனி மீனவர் பெரிதும் நம்பியிருந்தனர். அப்பீப்பாக்களை நிரப்பிய வட நோர்வே மீனவரின் நிலையும் இங்கு நினைக்கத்தக்கது. தானியத்தையும் தொழிற்சாதனங்களையும் முற்கடனாகப் பெற்று, பிடித்த மீனைக் கொண்டு அக்கடனை அடைக்கும் முறையால் அவர்கள் நூற்றாண்டுக் கணக்காகப் பேர்கன் வணிகருடன் பிணைக்கப்பட்டிருந்தனர். ஒரு கரையின் கடன்பட்ட உழைப்பு மறுகரையின் கடனுக்குக் காரணமாயிற்று.

18ஆம் நூற்றாண்டில் சாளையை அழுத்திப் பீப்பாக்களில் அடைத்து விற்ற வணிகரே ரோக்கையும் தருவித்தனர். பருவத் தொடக்கத்தில் ரோக்கைக் கடனாகக் கொடுத்து, பிடிக்கும் மீனைத் தமக்கே தரவேண்டும் என நிபந்தனை விதிப்பது அவர்களது வழக்கம். மீனவன் சட்டப்படி எவருக்கும் அடிமையல்லன். படகு அவனது சொந்தமாகவும் இருக்கலாம். எனினும் மீனை யாருக்கு விற்பது என்பதை அவன் கடலில் இறங்குமுன்னரே ரோக் தீர்மானித்துவிட்டது. உற்பத்திக் கருவி உழைப்பவனிடமே இருக்கவும், துணைப்பொருளின் வழியாக வணிக மூலதனம் உற்பத்தியை ஆளும் நிலையை இங்கு காண்கின்றோம்.

19ஆம் நூற்றாண்டில் இவ்வுறவு புதிய வடிவம் பெற்றது. உணவை அடைத்துச் சூடாக்கிப் பாதுகாக்கும் முறையை நிக்கொலா அப்பேர் 1810இல் நூலாக வெளியிட்டார். 1820களில் ஜோசப் கொலென் நாந்த் நகரில் எண்ணெயிட்ட சாளையைத் தகரத்தில் அடைத்து விற்கத் தொடங்கினார். நூற்றாண்டின் பிற்பாதியில் துவார்னெனே, கொன்கார்னோ முதலிய துறைமுகங்களில் தகரமடைப்புத் தொழிற்சாலைகள் பெருகின. சாளை உலகச் சந்தைக்குரிய பண்டமாயிற்று. மீனவன் இப்போது இரு விலைகளுக்கு இடையே நின்றான். அவன் வாங்கும் ரோக்கின் விலை பேர்கனில் நிர்ணயமாயிற்று; அவன் விற்கும் மீனின் விலை ஆலைவாசலில் நிர்ணயமாயிற்று. இரண்டிலும் அவனுக்குக் குரல் இல்லை. மீன் மிகுந்த நாளில் ஆலைகள் கொள்முதலைக் குறைத்தன; விலை சரிந்தது. மீன் அரிதான நாளில் கூட்டத்தைத் தேடி மேலும் மேலும் ரோக் தூவவேண்டியிருந்தது, செலவு ஏறியது.

மாற்றுவழிகள் தேடப்படாமல் இல்லை. கொட் பிடிக்கத் தொலைகடல் சென்ற பிரெஞ்சுக் கப்பல்கள் ரோக்கைக் கொண்டுவருவதற்கு அரசு ஊக்கத்தொகை வழங்கியது. ஆயினும் நோர்வே ரோக்கின் இடம் அசையவில்லை. அதன் விலையைத் தாங்கமாட்டாதவர் நிலக்கடலைப் பிண்ணாக்கு மாவை அதனுடன் கலந்தனர். இம்மாவின் பின்னணி தமிழ் வாசகருக்கு அந்நியமானதன்று. மார்செய் நகரத்து எண்ணெயாலைகளுக்கு நிலக்கடலை செனகலிலிருந்து மட்டும் செல்லவில்லை. தென்னார்க்காட்டில் விளைந்த கடலையும் 19ஆம் நூற்றாண்டின் பிற்பாதியில் புதுச்சேரித் துறைமுகத்தின் வழியாகப் பெருந்தொகையாகச் சென்றது. எண்ணெய் சவர்க்காரமாயிற்று, எஞ்சிய பிண்ணாக்கு தீவனமும் எருவுமாயிற்று, அதில் ஒரு பகுதியே சாளையின் இரையாயிற்று. குடியேற்ற நாடுகளின் உழவனும் நோர்வே மீனவனும் பிறிற்றனி மீனவனும் ஒருவரையொருவர் கண்டதில்லை. எனினும் கடலிலே தூவப்பட்ட ஒரு கைப்பிடி இரையில் அவர்களின் உழைப்பு ஒன்றாய்க் கலந்திருந்தது.

4

1902இல் சாளை கரையை அணுகவில்லை. அடுத்துவந்த ஆண்டுகளிலும் வரத்து நிலையற்றிருந்தது. மீனவர் குடும்பங்கள் பட்டினியில் வீழ்ந்தன. பிரான்சு முழுவதும் நிதி திரட்டப்பட்டது. கொன்கார்னோவில் இன்றும் கொண்டாடப்படும் 'நீலவலை' விழா, இக்குடும்பங்களுக்கு உதவும்பொருட்டு 1905இல் தொடங்கப்பட்டதேயாகும். மீனவரின் வறுமைக்கு மதுவே காரணம் எனக் கண்ட கருணையாளர் அவர்களை நல்வழிப்படுத்த முனைந்தனர். அவர்களது நல்லெண்ணத்தை நாம் ஐயுறவில்லை. ஆனால் ரோக்கின் விலை எந்த நல்லுரைக்கும் இறங்கவில்லை.

ரோக் அவசியப்படாத சுற்றுவலைகளை ஏற்க மீனவர் மறுத்தமை பற்றி இங்கு கூறவேண்டும். ஸ்பெயின், போர்த்துக்கல் கரைகளில் இவ்வகை வலைகளாற் சாளை மலிவாகப் பிடிக்கப்பட்டது. 1880களில் பிரெஞ்சு முதலாளிகள் போர்த்துக்கலின் செத்துபாலில் ஆலைகளை நிறுவினர். எனினும் பிறிற்றனி மீனவருட் பெரும்பாலோர் சுற்றுவலையை எதிர்த்தனர். இதனைப் பழைமை வாதம் எனக் கொள்வோர் உளர். உற்பத்திச் சக்திகளின் வளர்ச்சியை எதிர்ப்பது பிற்போக்கு என்ற சூத்திரத்தை இயந்திரப் பாங்காகப் பிரயோகிப்பின் நாமும் அம்முடிபுக்கே வருவோம். ஆனால் மீனவர் அஞ்சியது வலையையன்று. ஒரே வீச்சிற் பெருந்தொகை மீன் கரைசேர்ந்தால் ஆலைவாசலில் விலை வீழும் என்பதையும், செலவுமிக்க புதிய வலையை வாங்கவியலாத சிறு படகுக்காரன் அழிவான் என்பதையும் அவர்கள் அனுபவத்தால் அறிந்திருந்தனர். தம்மைச் சுரண்டிய ரோக்கையே தமது அரணாகவும் அவர்கள் பற்றிநிற்க நேர்ந்தது. இம்முரண்பாடு அவர்களது அறியாமையின் விளைவன்று. அவர்கள் நின்ற உற்பத்தி உறவுகளின் விளைவு.

5

இம்முரண்பாடு கரையிலும் தொடர்ந்தது. ஆலைகளில் மீனின் தலையை நீக்கி, எண்ணெயிற் பொரித்து, தகரத்தில் அடுக்கியோர் மீனவரின் மனைவியரும் புதல்வியருமே. படகுகள் வரும் நேரமே அவர்களின் வேலைநேரம். பெண்களின் இரவு வேலையை 1892இல் மட்டுப்படுத்திய சட்டத்திலிருந்தும் இவ்வாலைகளுக்கு விலக்களிக்கப்பட்டது. கடலில் ரோக் பலித்த இரவு கரையில் உறக்கமற்ற இரவாயிற்று. 1905இல் துவார்னெனேப் பெண்கள் போராடி, ஆயிரம் மீனுக்கு இவ்வளவு என்றிருந்த கூலியை மணித்தியாலக் கூலியாக மாற்றினர். 1921இல் அந்நகர் செபாஸ்ரியன் வெலியைத் தலைவராகக் கொண்டு பிரான்சின் முதலாவது கம்யூனிஸ்ட் நகரசபையை அமைத்தது. 1924 நவம்பரில் பெண்கள் மீண்டும் வேலைநிறுத்தத்தில் இறங்கினர். அப்போது அவர்களின் கூலி மணிக்கு 80 சதம். கோரியது 1 பிராங்க் 25 சதம். மீனவர் அவர்களுடன் சேர்ந்து படகுகளை நிறுத்தினர். 1925 ஜனவரி முதலாம் நாள் வேலைநிறுத்த முறியடிப்பாளர் நகரசபைத் தலைவர் லு பிளான்செக்கைச் சுட்டுக் காயப்படுத்தினர். சில நாட்களில் ஆலை முதலாளிகள் பணிந்தனர். பெண்களுக்கு மணிக்கு 1 பிராங்க் கிடைத்தது. அதே ஆண்டில் ஆலைத் தொழிலாளியான ஜோசபின் பென்காலே நகரசபைக்குத் தெரிவு செய்யப்பட்டார். பிரெஞ்சுப் பெண்களுக்கு வாக்குரிமை 1944வரை இல்லாதிருந்தமையின் அத்தெரிவு இரத்துச் செய்யப்பட்டது.

மீன்விலை உயர வேண்டும் என்ற மீனவனும் கூலி உயர வேண்டும் என்ற பெண்ணும் எதிரெதிர் நலன்கள் கொண்டோர் என ஆலை முதலாளி கூறமுடிந்தது. ஒரே குடிலில் வாழ்ந்த அவ்விருவரும் அதனை ஏற்கவில்லை என்பதே 1924இன் வரலாற்று முக்கியத்துவம்.

6

இலக்கிய மாணவர் என்ற வகையில் ஒன்றைக் குறிப்பிட விரும்புகின்றோம். பிறிற்றனி மீனவரை உலகுக்கு அறிமுகஞ் செய்த நாவல் பியர் லொத்தியின் 'ஐஸ்லாந்து மீனவன்' (1886). அது பேசுவது சாளையையன்று, தொலைகடற் கொட் மீன்பிடியை. எனினும் மீனவனைப் பற்றிய படித்தோரின் கற்பனையை வகுத்ததில் அதன் பங்கு பெரிது. அங்கே கடல் ஒரு விதி. அது தன் கணவர்களையும் மைந்தர்களையும் எடுத்துக்கொள்கின்றது. கடல் மரணம் உண்மையே. ஆனால் எல்லாவற்றையும் கடலே எடுத்துக்கொள்வதாகக் காட்டும் கலை, மனிதர் எடுத்துக்கொள்வதை மறைத்துவிடுகின்றது. கடலை விதியாகப் பாடுவது எளிது. ரோக் பீப்பாவின் விலையை எவரும் விதியென்று பாடமுடியாது.

இரண்டாம் உலகப் போரின் பின்னர் 'பொலின்ஷ்' என்னும் சுருக்குவலை பிறிற்றனியிற் பரவியது. பழைய நேர்வலை முறை பின்தள்ளப்பட்டது. ரோக் இன்று பொழுதுபோக்குத் தூண்டிற்காரரின் கடைகளில் விற்பனையாகின்றது. ஒரு காலத்தில் ஒரு கரையோரத்தின் வாழ்வையே நிர்ணயித்த பொருள் வால்ற்றனின் உலகுக்குத் திரும்பிவிட்டது எனலாம்.

இதுகாறும் கூறியவற்றைத் தொகுத்து நோக்கின் ஓர் உண்மை புலனாகும். ஈர்ப்பிரை கூடுதலாக மீன் பிடிக்க உதவியது என்பதில் ஐயமில்லை. ஆனால் கூடுதலாகப் பிடித்த மீன் பிடித்தவனுக்குக் கூடுதலாக எதையும் தந்ததா என்ற வினாவுக்கு விடை இரையின் மணத்தில் இல்லை. இரையை உடைமையாகக் கொண்டவன் யார் என்பதில் உள்ளது. பிறிற்றனி மீனவன் ஒவ்வொரு நாளும் கடலிலே தூவியது கொட் மீனின் சினையை மட்டுமன்று. இன்னும் தன் கைக்கு வராத கூலியையுந்தான். தொழில்நுட்ப வரலாறு எழுதுவோர் படகையும் வலையையும் அளப்பதோடு அமையாது, நீரிற் கரைந்து மறையும் இத்தகைய பொருள்களின் கணக்கையும் தேடவேண்டும். தடயமின்றிக் கரைவதனாலேயே அவற்றின் வரலாறு உழைப்போரின் வரலாறாகின்றது.