மரக்காணம்: ஒரு பெயர், 81 இடங்கள்

புதுச்சேரியிலிருந்து கிழக்குக் கடற்கரைச் சாலையில் வடக்கே போனால், இரு பக்கமும் உப்பளப் பாத்திகள் விரியத் தொடங்கும் ஊர் மரக்காணம். பெயர்க்காரணம் கேட்டால் பூமீசுவரர் கோயில் கதையைச் சொல்வார்கள். அளந்துகொண்டிருந்த மரக்கால் மறைந்துபோக, ‘மரக்கால் காணோம்’ என்று தேடினார்களாம். அது மரக்காணம் ஆயிற்றாம். கதை அழகானது. ஆனால் பெயர் முன்னால் வந்தது, கதை பின்னால் கட்டப்பட்டது என்றே நினைக்கிறேன்.

தவிர, ஊருக்கு அதைவிடப் பழைய பெயர் ஒன்றும் உண்டு என்பார்கள். நல்லூர் நத்தத்தனார் பாடிய சிறுபாணாற்றுப்படையில் ஓய்மாநாட்டு நல்லியக்கோடனின் துறைமுகமாக எயிற்பட்டினம் வருகிறது. கி.பி. முதல் நூற்றாண்டுக் கிரேக்கக் கடல்வழி நூலான பெரிப்ளூஸ், கமரா, பொதுகே, சோபட்மா என்று மூன்று துறைகளை அடுத்தடுத்துச் சொல்கிறது. பொதுகேயை அரிக்கமேட்டோடு பொருத்துவர். சோபட்மாவை எயிற்பட்டினமாகவும், இரண்டையும் மரக்காணமாகவும் கொள்வோர் பலர். சோ என்றாலும் எயில் என்றாலும் மதில்தான். துறையில் ‘சோப்பட்டினம்’ என்று காதில் விழுந்ததை பெரிப்ளூஸை எழுதியவர் தன் எழுத்தில் குறித்துக்கொண்டார் என்று கொண்டால் எல்லாம் பொருந்துகிறது.

ஆந்திரத்துப் பெத்தகஞ்சத்தில் தொடங்கும் பக்கிங்காம் கால்வாய் இங்கே முடிகிறது. ஆங்கிலேயர் காலக் குறிப்புகள் அந்த முடிவிடத்தை மெர்கானம் என்றன. நடுவில் ஓரசை தேய்ந்தது, ணகரமும் போயிற்று.

அன்று கிரேக்க நூலும் ஆங்கிலேயரும் தம் எழுத்தில் எழுதிய ஊர்ப் பெயரை இப்போது எழுதுவது சர்வர். ஊர் வரலாற்றைச் சொந்த வலைப்பதிவில் எழுத விரும்பும் ஒருவர், சர்வரில் கொஞ்சம் இடம் வாடகைக்கு எடுத்து வேர்ட்பிரஸ் நிறுவுகிறார் என்று வைத்துக்கொள்வோம். மிஷேல் வால்ட்ரிகியின் பி2 என்ற மென்பொருளிலிருந்து கிளைத்து 2003 மே 27 அன்று வெளியான இலவச மென்பொருள் இது. கோப்புகளை ஏற்றி, ஒரு டேட்டாபேஸ் உருவாக்கி, அதன் பெயரையும் கடவுச்சொல்லையும் அமைப்புக் கோப்பில் எழுதிவிட்டு, பிரவுசரில் தளத்தைத் திறந்தால் மீதியை அதுவே கேட்டு வாங்கிக்கொள்ளும். ஒன்றில் மட்டும் கவனம் வேண்டும்: டேட்டாபேஸின் எழுத்துக் குறியாக்கம் யுடிஎஃப்8எம்பி4 ஆக இருக்க வேண்டும். பழைய லத்தீன்1 அமைப்பில் விட்டால் எழுதிய தமிழெல்லாம் கேள்விக்குறி வரிசையாகிவிடும்.

முதல் பதிவுக்கு ‘மரக்காணம்’ என்று தலைப்பிட்டதும், வேர்ட்பிரஸ் அந்தத் தலைப்பையே பதிவின் முகவரியாக்குகிறது. பிரவுசரில் தமிழாகவே தெரியும். அதை நகலெடுத்து வாட்ஸப்பில் ஒட்டினால் பெரும்பாலும் வேறு உருவம். யூனிகோடின் யுடிஎஃப்8 குறியாக்கத்தில் ஒவ்வொரு தமிழ்க் குறியும் மூன்று பைட். முகவரியில் ஒரு பைட்டுக்குச் சதவீதக் குறியோடு மூன்று இடம். ‘ம’ மட்டும் ‘%ஈ0%ஏஈ%ஏஈ’ என்று ஒன்பது இடத்தைப் பிடிக்கிறது. புள்ளிக்கும் காலுக்கும் தனிக் குறி என்பதால் மரக்காணம் ஒன்பது குறி. ஆக 81 இடம். எயிற்பட்டினம் என்று எழுதினால் 117.

முகவரிக்கு வேர்ட்பிரஸ் ஒதுக்கியிருப்பதோ 200 இடம். ‘மரக்காணம் உப்பளத் தொழிலாளர்’ என்ற எளிய தலைப்புக்கே 227 வேண்டும். எனவே ‘மரக்காணம்-உப்பளத்-தொழிலா’ என்பதோடு முகவரி நின்றுவிடுகிறது. வெயிலில் பாத்தியில் நின்று உப்பு வாருபவரின் பெயரில் ‘ளர்’ விழுந்துபோவதைப் பார்க்கும்போது மனம் பொறுக்கவில்லை. தலைப்புக்கு ஒன்றும் ஆகாது, முகவரிதான் குறைப்படுகிறது. ஆனால் நாளை ஒருவர் மேற்கோள் காட்டுவது அந்த முகவரியைத்தானே.

பலர் இதற்கு அஞ்சி முகவரியை ரோமன் எழுத்தில் போட்டுவிடுகிறார்கள். எனக்கு அதில் உடன்பாடில்லை. ரோமனில் ணகரமும் னகரமும் ஒன்றுதான். குறிலும் நெடிலும் ஒன்றுதான். மெர்கானம் என்று ஒருமுறை நேர்ந்ததே போதும். பதிவை வெளியிடும் முன் முகவரிப் பெட்டியைத் திறந்து, தலைப்பை முழுதாக விடாமல் ‘மரக்காணம்-உப்பு’ என்று சுருக்கிவிடலாம். அதற்கு 127 இடம் ஆகும். ஊர்ப் பெயர் ணகரத்தோடு முழுதாக நிற்கும்.