ஜார்ஜ் டவுன், சென்னை

ஜார்ஜ் டவுன் என்பது சென்னையில் புனித ஜார்ஜ் கோட்டைக்கு வடக்கே உள்ள பழைய வணிகப் பகுதி. கிழக்கே ராஜாஜி சாலையும் மேற்கே வால்டாக்ஸ் சாலையும் தெற்கே நேதாஜி சுபாஷ் சந்திரபோஸ் சாலையும் இதற்கு எல்லை. மண்ணடி, சௌகார்பேட்டை, ஏழுகிணறு, கொத்தவால்சாவடி ஆகியவை இதற்குள் அடங்கும். சென்னைவாசிகளுக்கு இதன் தென்கிழக்கு முனை 'பாரிஸ்', எழுத்தில் பாரிமுனை. இங்கு மக்களைக் கொண்டுவந்து சேர்த்தது வணிகம். ஆனால் ஊர் எங்கே தொடங்கி எங்கே முடிய வேண்டும் என்பதைத் தீர்மானித்தது கோட்டையின் பாதுகாப்பு.

பழைய ஊர்

1639-இல் ஆங்கிலேயக் கிழக்கிந்தியக் கம்பெனிக்காகப் பிரான்சிஸ் டே, தாமர்ல நாயக்கர்களிடம் கடற்கரையோர நிலத்தைப் பெற்றார். மறு ஆண்டு கோட்டை வேலை தொடங்கியது. கம்பெனிக்குத் துணி வேண்டியிருந்ததால் நெசவாளர், சாயமிடுவோர், துபாஷிகள், வணிகர் ஆகியோர் கோட்டையின் வடக்குச் சுவரை ஒட்டிக் குடியேறினர். இக்குடியிருப்பை ஆங்கிலேயர் 'கருப்பர் நகரம்' என்றனர். இன்றைய உயர் நீதிமன்ற வளாகம் இருக்கும் இடம் அதுவே. சென்னகேசவப் பெருமாள் கோயிலும் அங்கேதான் இருந்தது.

இடிப்பு

1746-இல் பிரெஞ்சுப் படை சென்னையைப் பிடித்தது. கோட்டையை நெருங்கும் எதிரிக்கு ஒட்டியிருந்த வீடுகளே மறைவிடம் என்பது அப்போது தெரிந்தது. பிரெஞ்சுக்காரர் தம் பாதுகாப்புக்காக ஊரின் தென்பகுதியை இடித்தனர். 1749-இல் நகரம் ஆங்கிலேயரிடம் திரும்பியபின் அவர்களும் அதே கணக்கில் மிச்சத்தை அகற்றினர். 1757-இல் கோயிலும் இடிபட்டது. அடுத்த ஆண்டு லாலி தலைமையில் பிரெஞ்சுப் படை மீண்டும் வந்து கோட்டையை முற்றுகையிட்டது. அது 1759 பிப்ரவரியில் பின்வாங்கிய பிறகு, கோட்டையைச் சுற்றி வெட்டவெளி இருந்தாக வேண்டும் என்பது உறுதியாயிற்று. எஸ்பிளனேடு எனப்பட்ட அந்த வெளியில் யாரும் வீடு கட்டாதிருக்க 1773-இல் எல்லைத் தூண்கள் நடப்பட்டன. அவற்றில் ஒன்று பாரிமுனையில் டேர் ஹவுஸ் கட்டடத்தை ஒட்டி இன்றும் நிற்கிறது.

இடிபட்ட கோயிலுக்கு ஈடாகச் சென்னகேசவர், சென்னமல்லீசுவரர் கோயில்கள் மணலி முத்துகிருஷ்ண முதலியாரின் முயற்சியில் தேவராஜ முதலி தெருவில் எழுந்தன. 'பட்டணம் கோயில்' என்று இவற்றைச் சொல்வதுண்டு.

மதிலும் வரியும்

1767-இல் ஹைதர் அலியின் குதிரைப்படை சென்னையின் புறப்பகுதிவரை வந்து சென்றது. இடிப்புக்குப் பின் எஸ்பிளனேடுக்கு வடக்கே அமைந்த புதிய ஊருக்கு, அதன் வடக்கிலும் மேற்கிலும் மதில் எழுப்பக் கம்பெனி முடிவு செய்தது. பால் பென்ஃபீல்டு ஒப்பந்தமெடுத்துக் கட்டினார். செலவை உள்ளே குடியிருப்போரிடமே வரியாக வசூலிக்கத் திட்டமிட்டனர், வசூல் நடக்கவில்லை. வரியின் பெயர் மட்டும் மேற்கு மதிலையொட்டிய வால்டாக்ஸ் சாலையில் தங்கிவிட்டது. யானைக்கவுனி அம்மதிலின் வாயில்களில் ஒன்று. வடக்கு மதிலின் எஞ்சிய துண்டின்மேல் இப்போது மாடிப் பூங்கா இருக்கிறது. கோட்டைக்குக் குடிநீர் தர 1772-இல் கேப்டன் பேக்கர் வகுத்த திட்டத்தின் கிணறுகளே ஏழுகிணறு என்ற பகுதிக்குப் பெயராயின.

பேட்டைகளும் தெருக்களும்

இந்தப் புதிய ஊர் இரண்டு பழைய பேட்டைகளைக் கொண்டது: கிழக்கே முத்தியால்பேட்டை, மேற்கே பெத்தநாயக்கன்பேட்டை. வலங்கை, இடங்கைச் சாதியினரிடையே 1707-இல் மூண்ட மோதலுக்குப் பின், பெத்தநாயக்கன்பேட்டையை வலங்கையினருக்கும் முத்தியால்பேட்டையை இடங்கையினருக்கும் ஒதுக்க ஆளுநர் தாமஸ் பிட் முற்பட்டார். இரண்டுக்கும் நடுவே தாழ்வான சதுப்பு நிலம் கிடந்தது. ஸ்டீபன் பாப்பம் என்ற வழக்கறிஞர் 1780-களில் அதை வாங்கி, வடிகால் வெட்டி, மேடாக்கிச் சாலையாக்கினார். அதுதான் பிராட்வே, இன்றைய பிரகாசம் சாலை.

தெருக்கள் தொழில்வாரியாக வளர்ந்தன. மத்தியதரைக் கடல் பவளம் லண்டன் வழியாக வந்து இங்கு விற்பனையாயிற்று. அதற்கு ஈடாகக் கோல்கொண்டா வைரம் கப்பலேறியது. பவளக்காரத் தெரு அவ்வணிகத்தின் தடம். தங்கசாலைத் தெருவுக்கு நாணயச் சாலை பெயர் தந்தது. அதைச் சுற்றிய சௌகார்பேட்டையில் குஜராத்தி, மார்வாடி வணிகர்கள் குடியேறினர். கோடவுன் தெருவில் துணி, ஆண்டர்சன் தெருவில் காகிதமும் கல்யாணப் பத்திரிகையும், ராசப்ப செட்டித் தெருவில் நாட்டு மருந்து எனப் பிரிவினை இன்றும் தொடர்கிறது. ஆண்டர்சன் தெருவில் காகிதக் கட்டுகளை ஏற்றிய மீன்பாடி வண்டி நின்றால், இருபக்கமும் ஆள் ஒதுங்கித்தான் போக வேண்டும்.

பிற்கால மாற்றங்கள்

19ஆம் நூற்றாண்டில் படையெடுப்பு அச்சம் நீங்கியது. காலியாகக் காக்கப்பட்ட வெளி பொதுக் கட்டடங்களுக்குப் பயன்பட்டது. உயர் நீதிமன்றம் 1892-இல் அங்கே திறக்கப்பட்டது. புதிய ஊருக்கும் வழங்கிய கருப்பர் நகரம் என்ற பெயர், 1906-இல் இளவரசராகச் சென்னை வந்து பின்னர் மன்னரான ஐந்தாம் ஜார்ஜின் நினைவாக ஜார்ஜ் டவுன் என மாறியது.

நகரம் தெற்கிலும் மேற்கிலும் விரிந்தபோது நெரிசலைக் குறைக்கச் சில பணிகள் வெளியேற்றப்பட்டன. கொத்தவால்சாவடியின் மொத்தக் காய்கறிச் சந்தை 1996-இல் கோயம்பேட்டுக்குப் போனது. வெளியூர்ப் பேருந்துகள் 2002-இல் அங்கே மாறின. தெருக்களின் அகலம் மட்டும் பெரிதாக மாறவில்லை. 2019-இல் மண்ணடி, உயர் நீதிமன்ற நிலையங்களோடு வந்த மெட்ரோ ரயிலும் இப்பகுதியைத் தரைக்கடியில்தான் கடக்கிறது.