முதன்மைப் பித்தநாள அழற்சி

கல்லீரலுக்குள் இருக்கும் நுண்ணிய பித்தநாளங்களை உடலின் எதிர்ப்பாற்றலே தாக்கிச் சிதைக்கும் நாள்பட்ட நோய். நோயாளிகளில் பத்தில் ஒன்பது பேர் பெண்கள், பெரும்பாலும் நடுவயதினர். இது எவ்வளவு விரைவில் முற்றும் என்பதற்கு மருத்துவ நூல்கள் காலத்துக்கொரு விடை சொல்லி வந்துள்ளன. மருத்துவர்கள் நோயை எந்தக் கட்டத்தில் கண்டார்கள் என்பதைப் பொறுத்தே அந்த விடைகள் மாறின. 1851இல் லண்டனில் தாமஸ் அடிசனும் வில்லியம் கல்லும் விவரித்தது மஞ்சள் காமாலையையும் தோலில் படிந்த மஞ்சள் கொழுப்புத் திட்டுகளையும்தான். அமெரிக்காவில் ஏரன்ஸும் சகாக்களும் 1950இல் நிலைநிறுத்திய பெயரில் 'சிரோசிஸ்' (கல்லீரல் தழும்பேறி இறுகுதல்) இடம்பெற்றதும் அதனால்தான். முற்றிய கல்லீரல்களே அவர்கள் பார்வைக்கு வந்தன. காமாலை வந்தபின் காலம் குறுகிவிடும் என்பது உண்மையே. காமாலைக்குக் காரணமான பிலிரூபின் என்ற நிறமி இரத்தத்தில் டெசிலிட்டருக்கு 10 மில்லிகிராமைத் தாண்டியவர்கள் சராசரியாக ஒன்றரை ஆண்டுகூட வாழவில்லை என்று 1979இல் ஓர் ஆய்வு காட்டியது. ஆனால் அது கதையின் கடைசி அத்தியாயம்.

முதல் அத்தியாயம் 1965இல் தெரிய வந்தது. ரூபின், பாப்பர், ஷாஃப்னர் மூவரும் நுண்ணோக்கியில் கண்ட காட்சி இது: நிணநீர்ச் செல்கள் நாளத்தைச் சுற்றி மொய்த்திருக்கும், சுவர்ச் செல்கள் வீங்கி உதிரும், பிறகு நாளம் இருந்த இடமே தெரியாது. தழும்பு படர்ந்து சிரோசிஸ் ஆவதற்கு அதன்பின் பல ஆண்டுகள் ஆகலாம். அதே ஆண்டு லண்டனில் வாக்கர், டோனியாக், ராய்ட், ஷெர்லாக் ஆகியோர் இந்நோயாளிகளின் இரத்தத்தில் மைட்டோகாண்ட்ரியாவுக்கு எதிரான நோயெதிர்ப்புப் புரதத்தைக் கண்டனர். அரிப்பும் அசதியும் தலைகாட்டுமுன்பே நோயை அடையாளம் காண வழி பிறந்தது.

முன்கூட்டிக் கண்டால் நோயோடு வாழும் ஆண்டுகளின் கணக்குதானே நீள்கிறது, ஆயுள் அல்லவே என்று கேட்கலாம். இந்த ஐயம் நியாயமானது. பழைய, புதிய ஆயுள் கணக்குகளை அப்படியே ஒப்பிட முடியாது. ஆனால் பிரான்சில் பூப்போன் குழு 146 பேரைச் சீட்டுக் குலுக்குவதுபோலப் பிரித்து நடத்தி, 1991இல் வெளியிட்ட சோதனைக்கு அந்த ஆட்சேபம் பொருந்தாது. அர்சோடியாக்சிகோலிக் அமிலம் என்ற மருந்தைப் பெற்றவர்களும் வெற்று மாத்திரை பெற்றவர்களும் ஒத்த நிலையில் தொடங்கியும், இரண்டே ஆண்டில் நோயின் போக்கு மருந்து பெற்றவர்களுக்குச் சாதகமாகப் பிரிந்தது. நோய் கண்ட எல்லோருக்கும் சிரோசிஸ் இருப்பதில்லை என்பதால் 2015இல் நோயின் பெயரிலிருந்து 'சிரோசிஸ்' நீக்கப்பட்டு 'அழற்சி' என்றானதை வெறும் பெயர் மாற்றம் என்பாரும் உண்டு. சிரோசிஸ் என்றதும் குடிப்பழக்கமா என்று கேட்கப்பட்டுக் கூசிய பெண்களுக்கு அது வெறும் பெயரல்ல. ஆனாலும் அர்சோடியாக்சிகோலிக் அமிலத்துக்கு எல்லா உடலும் இணங்குவதில்லை, அதிலும் இளவயதில் நோய் கண்டவர்களிடம் பலன் குறைவு. அவர்களில் சிலருக்குக் கல்லீரல் மாற்றமே வழியாகிறது. மாற்றிய கல்லீரலிலும் சிலரிடம் நோய் மீண்டும் தொடங்குகிறது.