உடைந்த செங்கல்லின் ஆயுள்

இடித்த கட்டடத்தின் கழிவைக் காங்கிரீட்டில் கலக்கலாம் என்றதும் எவருக்கும் முதலில் எழும் கேள்வி, அது எத்தனை காலம் நிற்கும் என்பதுதான். கேள்வி நியாயமானது. ஆனால் புதிய பொருள் நிலைக்கும், பழைய பொருள் நிலைக்காது என்ற நம்பிக்கை அதற்கு அடியில் இருக்கிறது. கட்டடங்களின் வரலாறு அதற்கு இடம் கொடுக்கவில்லை. ஆற்று மணலோ கடல் மணலோ சேர்ந்த சுண்ணாம்புக் காரையில், இடித்துச் சலித்த ஓட்டுத்தூளை மூன்றில் ஒரு பங்கு கலந்தால் காரை மேம்படும் என்று இரண்டாயிரம் ஆண்டுகளுக்கு முன்பே ரோமானியக் கட்டடக் கலைஞர் விட்ருவியஸ் எழுதிவைத்தார். கி.பி. இரண்டாம் நூற்றாண்டில் எழுந்த ரோமின் பாந்தியன் கோயிலுடைய சுவர்க் காங்கிரீட்டில் உடைந்த செங்கல்லும் ஓடும் அடுக்கடுக்காக இருக்கின்றன. அது இன்றும் நிற்கிறது.

நம் நாட்டில் இதே அறிவு சுர்க்கி என்ற பெயரில் வழங்கியது. செங்கல்லையோ சுட்ட களிமண்ணையோ பொடித்துச் சுண்ணாம்போடு அரைத்தால், மண்ணிலுள்ள சிலிக்காவும் அலுமினாவும் சுண்ணாம்போடு வினைபுரிந்து தண்ணீருக்குள்ளும் இறுகும் காரையைத் தருகின்றன. அளவுக்கு மீறி வெந்து உருகிய செங்கல்லின் தூளுக்கு இந்தக் குணம் குறைவு. பக்குவமாக வெந்ததுதான் உதவும். 1887-இல் தொடங்கி 1895-இல் பென்னிகுவிக் தலைமையில் முடிந்த முல்லைப் பெரியாறு அணையின் உட்பகுதி இந்தச் சுண்ணாம்பு–சுர்க்கிக் காங்கிரீட்டால் ஆனது. அந்த அணையைப் பின்னாளில் பலப்படுத்த வேண்டி வந்ததே என்று கேட்கலாம். உண்மைதான். கசியும் நீர் சுண்ணாம்பைக் கரைத்துக்கொண்டு போனது. சிமெண்ட் கரைசல் செலுத்தியும், பிற்காலத்தில் இரும்பு வடங்களால் பிணைத்தும், பின்புறம் காங்கிரீட் சேர்த்தும் அதை உறுதிப்படுத்தினார்கள். அங்கே பலவீனமாக இருந்தது நீரில் கரையும் சுண்ணாம்பு. அதைப் பிடித்துவைக்க உதவிய செங்கல்தூள் மேல் அந்தப் பழியைப் போட முடியாது.

இன்று காங்கிரீட்டைக் கெடுப்பதாகச் சொல்லப்படும் கரியமில வாயு இந்தப் பழைய கட்டுமானங்களுக்குப் பகையாக இருக்கவில்லை. சுண்ணாம்புக் காரை காற்றிலுள்ள அந்த வாயுவை உறிஞ்சித்தான் மீண்டும் கல்லாகிறது. பகை தொடங்கியது காங்கிரீட்டுக்குள் கம்பி நுழைந்தபோது. பிரான்சில் மோனியே 1867-இலும் ஹென்னபீக் 1892-இலும் பெற்ற காப்புரிமைகள் கம்பி கட்டிய காங்கிரீட்டை உலகெங்கும் பரப்பின. சிமெண்டின் காரத்தன்மை கம்பியின் மேல் மெல்லிய காப்புப் படலத்தை உண்டாக்குகிறது. கரியமில வாயு உள்ளே ஊடுருவும்போது, 12-க்கு மேலிருந்த காரக் குறியீடு (pH) 9-க்கும் கீழே இறங்கி அந்தப் படலம் அழிகிறது. பிறகு ஈரம் பட்டால் கம்பி துருப்பிடிக்கும். துரு பருத்துக் காரையைப் பெயர்க்கும். கரியமில வாயுவால் காங்கிரீட் வீணாகிறது என்று நாம் சொல்லும்போது பெரும்பாலும் வீணாவது உள்ளிருக்கும் கம்பிதான்.

அப்படியானால் கம்பியில்லாத பாந்தியனைக் காட்டி இன்றைய அடுக்குமாடிக்கு வாதாடலாமா என்று கேட்பவர்கள் சரியாகவே கேட்கிறார்கள். பழைய காங்கிரீட்டை உடைத்த ஜல்லியில் ஒட்டியிருக்கும் காரை நுண்துளை மிக்கது. வாயு எளிதில் புகும். இன்னொரு கழிவான நிலக்கரிச் சாம்பல் கலந்த சிமெண்டோ தன் வினைக்காகச் சுண்ணாம்பைச் செலவழித்துவிடுவதால், வாயுவை எதிர்த்து நிற்கும் கார இருப்பு அதில் குறைகிறது. இந்தக் குறைகளை மறைக்கத் தேவையில்லை; அவை தெரிந்தவை, அவற்றுக்கு வழியும் உண்டு. இரண்டாம் உலகப் போருக்குப் பின் இடிபாடுகளில் தத்தளித்த ஜெர்மனி செங்கல் ஜல்லியைக் காங்கிரீட்டாக்கி நகரங்களை எழுப்பியது. கண்மூடித்தனமாகச் செய்யாமல், அதற்கென்றே 1951-இல் டின் 4163 என்ற தர விதியையும் வகுத்தது. இந்தியத் தர விதி 2016-இல் மறுசுழற்சிக் காங்கிரீட் ஜல்லியைக் கம்பியில்லாக் காங்கிரீட்டில் 25 விழுக்காடு வரையும், எம்25 என்ற வலிமைத் தரம் வரையிலான கம்பிக் காங்கிரீட்டில் 20 விழுக்காடு வரையும், வலுக்குறைந்த அடித்தளக் காங்கிரீட்டில் முழுமையாகவும் அனுமதித்தது. கம்பி இருக்கும் இடத்தில் எச்சரிக்கை, இல்லாத இடத்தில் தாராளம்: வரலாறு சொல்லும் பாடமும் இதுவே.

கரியமில வாயு உள்ளே போகும் ஆழம் காலத்தின் வர்க்கமூலத்தை ஒட்டி வளர்கிறது. கம்பிக்கு மேலுள்ள காங்கிரீட் கனத்தை இரட்டித்தால் வாயு கம்பியை எட்ட ஏறக்குறைய நான்கு மடங்கு காலம் ஆகும் என்பது இதன் பொருள். கலவையில் தண்ணீரைக் குறைப்பதும், சாம்பல் கலந்த சிமெண்டுக்கு விதி கேட்கும் குறைந்தது பத்து நாள் ஈரத்தைக் காப்பதும் அதே போன்ற பலனைத் தரும். வேலைத்தளத்தில் ஏழாம் நாளே தண்ணீர் ஊற்றுவதை நிறுத்திவிட்டு, காங்கிரீட் கெட்டதற்குச் சாம்பலையும் பழைய ஜல்லியையும் குற்றம் சொல்வது அநியாயம். மலைகளை உடைத்தும் ஆறுகளைச் சுரண்டியும் புதுப் பொருள் தேடும் நமக்கு, இடிபாட்டை முறையாகப் பயன்படுத்துவது பரிசோதனை அல்ல. விட்டுப்போன ஒரு கைத்தொழில் ஒழுக்கத்தை மறுபடி கைக்கொள்வது.