மரக்காணத்து உப்பு

சிறுபாணாற்றுப்படை பேசும் எயிற்பட்டினம் இன்றைய மரக்காணமே என்று ஆராய்ச்சியாளர் பலர் கருதுகின்றனர். பூமீசுவரர் கோயில் சுவர்களில் சோழர் காலத்துக் கல்வெட்டுகள் உள்ளன. ஊர் பழையது, அதன் உப்புத் தொழிலும் பழையது. உவர்நீரைப் பாத்திகளில் தேக்கி வெயிலிடம் ஒப்படைத்துவிட்டுக் காத்திருக்க வேண்டும். வெயிலுக்குக் கூலி கிடையாது. கொதிக்கும் பாத்தியில் நின்று உப்பை வாருகிறவனுக்குக் கிடைப்பதும் சொற்பமே!

1805-ல் கும்பினியார் சென்னை ராஜதானியின் உப்பைத் தங்கள் ஏகபோகமாக்கிக்கொண்டார்கள். 1930-ல் ராஜாஜி வேதாரண்யத்துக்கு நடந்துபோய் உப்பை அள்ளிச் சிறை சென்றார். 1947-ல் உப்பு வரி ஒழிந்தது. இனி உப்புக்குக் கேடில்லை என்றுதான் எவருக்கும் தோன்றியிருக்கும்.

ஆனால் கேடு வேறு வழியாக வந்தது. அதைத் தெரிந்துகொள்ள ஒரு கால்வாயின் கதையைக் கேட்க வேண்டும்.

சென்னையிலிருந்து தெற்கே ஏறக்குறைய 100 கிலோமீட்டர் வந்து மரக்காணத்தில் முடிகிறது பக்கிங்காம் கால்வாய். அடையாற்றையும் கூவத்தையும் இணைக்கும் பகுதியை 1877–78 பஞ்சத்தின்போது வெட்டியவர்கள், பட்டினியால் கூலிக்கு வந்த ஏழைகள். கால்வாய்க்குக் கவர்னரின் பெயர் நிலைத்தது. வெட்டியவர்களின் பெயர் மண்ணோடு போயிற்று. உப்பும் விறகும் ஏற்றிய படகுகள் ஒரு காலத்தில் அதில் பட்டணத்துக்குப் போயின. இன்று பட்டணத்துப் பகுதியில் படகைக் காணோம், சாக்கடைதான் ஓடுகிறது.

சாக்கடையைச் சுத்தம் செய்ய மனிதன் வழி காணாமல் இல்லை. 1914-ல் மான்செஸ்டர் நகரில் ஆர்டர்ன், லாக்கெட் என்ற இருவர் ஒரு முறையை அறிவித்தார்கள். கழிவுநீரில் காற்றைச் செலுத்தினால் நுண்ணுயிர்கள் பெருகி அழுக்கைத் தின்கின்றன. பிறகு கசடாக அடியில் படிகின்றன. மேலே தெளிந்த நீர் நிற்கிறது. அவர்களுக்குத் தூண்டுதலாக இருந்த கில்பர்ட் பவுலர் 1916-ல் பெங்களூர் இந்திய விஞ்ஞானக் கழகத்துக்கே பேராசிரியராக வந்து சேர்ந்தார். படிந்த கசடு வயலுக்கு உரமாகும் என்பது அக்காலத்து நம்பிக்கை. அது தவறான நம்பிக்கையும் அல்ல. பாலிதீன் பிறந்ததே 1933-ல்தானே!

இப்போது நைலானையும் பாலியெஸ்டரையும் உடுத்துகிறோம். ஒவ்வொரு சலவையிலும் கண்ணுக்குத் தெரியாத இழைகள் உதிர்கின்றன. அவற்றை நுண்ணுயிர்களால் தின்ன முடியாது. சுத்திகரிப்பு நிலையத்தில் பெரும்பகுதி கசடோடு தங்கி, கசடு உரமானால் வயலுக்குப் போகிறது. மிச்சம் தெளிந்த நீரோடு வெளியேறுகிறது. சுத்திகரிக்கப்படாத சாக்கடையோ அத்தனையையும் கடலில் சேர்க்கிறது.

கடலுக்குப் போனது உப்பாய்த் திரும்புகிறது. 2015-ல் சீனத்துக் கடலுப்பில் இத்துகள்களைக் கண்டார்கள். 2018-ல் பம்பாய் ஐ.ஐ.டி. ஆய்வாளர்கள் இந்திய உப்பிலும் கண்டார்கள். 2020-ல் வெளியான தூத்துக்குடி ஆய்வின்படி, கடல்நீர் உப்பில் கிலோவுக்குச் சராசரி 35 முதல் 72 துகள்கள். ஆழ்கிணற்று நீரில் விளைந்த உப்பில் 2 முதல் 29 தான். இந்த வித்தியாசம் போதாதா, குற்றம் எங்கே இருக்கிறதென்று சொல்ல? கடலுக்கு ஊரெல்லை கிடையாது. மரக்காணமும் இதை எண்ணிப் பார்க்க வேண்டியதுதான்.

உவர்நீரை மணலில் வடிகட்டினால் எடைக் கணக்கில் 85 சதவீதத்துக்கு மேல் நீங்கும் என்று பம்பாய் ஆய்வாளர்களே சொல்கிறார்கள். நல்ல யோசனை. ஆனால் அந்தச் செலவை யார் தலையில் கட்டுவது? உப்பில் பழுது என்ற பேச்சு எழுந்தால் முதலில் விலை இறங்குவது பாத்தியில் நிற்பவனுக்கு. இழை உதிர்ந்ததோ பட்டணத்து வீட்டுச் சலவைத் தொட்டியில்.

உப்பில்லாப் பண்டம் குப்பையிலே என்றார்கள் முன்னோர். குப்பையில்லா உப்புக்கு நாம் அலையும் காலம் வந்திருக்கிறது. வரி போட்டவனை எதிர்த்து அன்று வேதாரண்யம் வரை நடந்தார்கள். இன்று அவ்வளவு தூரம் நடக்க வேண்டாம். நம் வீட்டுச் சாக்கடை எங்கே போகிறதென்று பார்க்க நாலடி நடந்தால் போதும்.